நைட் ஆஃப் தி லிவிங் டெட்: நல்ல டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நடைபாதைக் கடை ஒன்றில் அறுபது ரூபாய்க்கு ஒரு டிவிடி வாங்கினேன். ஒரே தட்டில் நான்கு பேய்ப் படங்கள். அவற்றில் மூன்றாவதாக இருந்தது 1968-இல் வெளிவந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. கதாநாயகியின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்திருந்தது. கண்களும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கரும்புள்ளிகள். வீட்டுக்கு வெளியே நடமாடும் பிணங்களுக்கும் பின்னால் இருந்த மரங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்படியும் படம் என்னை உலுக்கிவிட்டது. “காசில்லாதவர்கள் எடுத்த படம், இப்படித்தான் இருக்கும். அந்த மங்கல்தான் அதன் அழகே” என்று பல வருடங்கள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது முழுப் பொய். நெகட்டிவிலிருந்து மீட்டெடுத்த பதிப்பைப் பார்த்த அன்று, சோபாவின் கைப்பிடியில் விரித்திருக்கும் பின்னல் துணியின் ஓட்டைகளை எண்ண முடிந்தது. அதன் பிறகு இந்தப் படத்தின் டிஸ்க்குகளைத் தேடி வாங்குவதும் ஒப்பிடுவதும் ஒரு நோயாகவே ஆகிவிட்டது. அந்த நோயில் கற்றுக்கொண்டதைத்தான் வரிசைப்படுத்தித் தருகிறேன். இந்த ஒரு படத்துக்காக எழுதியது என்றாலும், எந்தப் பழைய கருப்பு வெள்ளைப் படத்துக்கும் பாதிக்குமேல் பொருந்தும்.

முதல் படி: ஏன் இத்தனை டிஸ்க்குகள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போனால் ஏமாறுவது உறுதி. படத்துக்கு முதலில் வைத்திருந்த பெயர் ‘நைட் ஆஃப் தி ஃபிளெஷ் ஈட்டர்ஸ்’. விநியோக உரிமையை வாங்கிய வால்டர் ரீட் நிறுவனம் பெயரை மாற்றியது. படத்தின் தொடக்கத்தில் பழைய பெயரைக் காட்டிய எழுத்து அட்டையிலேயே பதிப்புரிமை அறிவிப்பும் இருந்தது. புதிய பெயரோடு மாற்றிய அட்டையில் அந்த அறிவிப்பு விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அறிவிப்பு இல்லாமல் வெளியான படைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது. ஒரு வரி விடுபட்டதற்காகப் படம் பொதுச்சொத்தாகிவிட்டது. எடுத்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, ஊரெல்லாம் அதைப் பிரதியெடுத்து விற்றது.

தேய்ந்த 16 மில்லிமீட்டர் பிரிண்ட் கிடைத்தவர் அதிலிருந்து வீடியோ கேசட் போட்டார். கேசட் கிடைத்தவர் அதிலிருந்து டிவிடி போட்டார். அந்த டிவிடியிலிருந்து இன்னொருவர் இன்னொரு டிவிடி. ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறம் செத்தது. வெள்ளை மேலும் வெளுத்தது, கருப்பு மேலும் கறுத்தது. நான் அறுபது ரூபாய்க்கு வாங்கியது எத்தனையாவது தலைமுறையோ!

எடுத்தவர்கள் கற்றுக்குட்டிகளும் அல்லர். இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்களும் தொழிற்சாலைகளுக்கான படங்களும் எடுத்துப் பிழைத்தவர்கள். விளக்கு எங்கே வைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஏறக்குறைய 1,14,000 டாலர் செலவில், பென்சில்வேனியா மாநிலத்து எவான்ஸ் சிட்டி பக்கத்தில், 35 மில்லிமீட்டர் கருப்பு வெள்ளை பிலிமில் 1967-இல் படமாக்கினார்கள். அந்தப் பிலிம் நெகட்டிவ் பத்திரமாகத்தான் இருந்தது. நாம்தான் அதன் பேரனுக்குப் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் படி: அட்டையில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது

“டிஜிட்டல் முறையில் மெருகேற்றியது” என்ற வரிக்கு ஒரு மதிப்பும் இல்லை. கேசட்டைக் கணினியில் ஏற்றினாலே அப்படிப் போட்டுக்கொள்ளலாம். “உயர் துல்லியம்” என்பதும் அப்படியே. மோசமான டிவிடியைப் பெரிதாக்கிப் புளூ-ரே தட்டில் எழுதினாலும் அது 1080 வரிகள் கொண்டதுதான். கொள்கலன் பெரிதானால் உள்ளே இருக்கும் மோர் பாலாகிவிடாது.

தேட வேண்டியது ஒன்றே ஒன்று: எதிலிருந்து எடுத்தார்கள்? “அசல் கேமரா நெகட்டிவிலிருந்து” என்று இருக்க வேண்டும். இந்தப் படத்தைப் பொறுத்தவரை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் தி ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து செய்த 4கே மீட்டெடுப்பு என்ற குறிப்பைப் பாருங்கள். அந்த மீட்டெடுப்பு 2016 நவம்பரில் அந்த அருங்காட்சியகத்திலேயே முதலில் திரையிடப்பட்டது. மேற்பார்வையிட்டவர்களில் ரொமேரோவும் ஒருவர். அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் காலமானார்.

அட்டையில் ஓடும் நேரத்தையும் பாருங்கள். படம் 96 நிமிடம். 92 நிமிடம் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது ஐரோப்பாவில் வழங்கிய ‘பால்’ (PAL) முறை வீடியோவிலிருந்து வந்தது. பிலிம் விநாடிக்கு 24 ஃப்ரேம், பால் வீடியோ 25. படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடும், குரல்களும் கொஞ்சம் கீச்சென்று ஏறும்.

இனித் தள்ள வேண்டியவை. வண்ணம் பூசிய பதிப்புகள் 1986-இலிருந்தே வந்துகொண்டிருக்கின்றன. ஆசைக்கு ஒருமுறை பார்க்கலாம், முதல்முறை மட்டும் வேண்டாம். இந்தப் படத்தில் ரத்தமாக வழிவது சாக்லேட் பாகு. கருப்பு வெள்ளையில் ரத்தத்தின் கனத்தோடு அது தெரியும் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன்மேல் கணினியில் சிவப்புச் சாயம் பூசுவது நல்ல ரசத்தில் தக்காளி சாஸ் ஊற்றுவதைப் போன்றது.

இன்னொன்று ‘முப்பதாம் ஆண்டுப் பதிப்பு’. பெயரைப் பார்த்தால் சிறப்புப் பதிப்பு போலத் தெரியும். புதிதாகப் படமாக்கிய காட்சிகளை ஒட்டி, பழைய காட்சிகளை வெட்டி, பின்னணி இசையையும் மாற்றிய பதிப்பு அது. திரைக்கதையில் ரொமேரோவுடன் பங்குகொண்ட ஜான் ரூசோவே இதைச் செய்தார் என்பதுதான் வேதனை. ரொமேரோவுக்கு அதில் பங்கு இல்லை. யாராவது இனாமாகக் கொடுத்தாலும் பெட்டியைத் திறக்காமல் அலமாரியில் வையுங்கள்.

மூன்றாம் படி: எதை வாங்குவது

கிரைட்டீரியன் நிறுவனம் 2018 பிப்ரவரியில் வெளியிட்ட இரண்டு தட்டுப் புளூ-ரே, அல்லது 2022 அக்டோபரில் வந்த 4கே பதிப்பு. மேலே சொன்ன மீட்டெடுப்பு இரண்டிலும் இருக்கிறது. 55 அங்குலத்துக்குக் குறைந்த தொலைக்காட்சியில் சோபாவில் சாய்ந்து பார்ப்பவருக்குப் புளூ-ரேயே தாராளம். புரொஜெக்டர் வைத்திருப்பவர்களும், என்னைப்போல் திரைக்கு இரண்டடி முன்னால் போய் நின்று பிலிமின் துகள்களைப் பார்க்கிறவர்களும் 4கே வாங்கலாம்.

பணம் கொடுப்பதற்கு முன் மண்டலக் குறியீட்டைப் பாருங்கள். இங்கேதான் நான் சூடு பட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் சொல்லி அந்தப் புளூ-ரேயை வரவழைத்தேன். இரவு பத்து மணிக்கு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுத் தட்டைப் போட்டால், “இந்தத் தட்டு உங்கள் மண்டலத்துக்குரியது அல்ல” என்று திரையில் ஒரு வரி. அது அமெரிக்கா அடங்கிய ‘ஏ’ மண்டலத்துக்கான தட்டு. இந்தியாவும் இலங்கையும் ‘சி’ மண்டலம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்குக் கவலையில்லை, அவர்கள் ‘ஏ’ மண்டலத்திலேயே இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு எல்லா மண்டலத்துத் தட்டையும் ஓட்டும் பிளேயர் வேண்டும். 4கே தட்டுகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது. ஆனால் அந்தப் பெட்டியில் கூடவே வரும் புளூ-ரே தட்டுகளுக்கு உண்டு, கூடுதல் அம்சங்கள் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கின்றன. படம் ஓடும், அவை ஓடாது. வசன வரிகள் ஆங்கிலத்தில் மட்டுமே.

இவ்வளவு செலவு முடியாது என்றால்? பழைய டிவிடிகளில் எலைட் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2002-இல் வெளியிட்ட மில்லினியம் பதிப்பு பல ஆண்டுகள் ரசிகர்கள் கைகாட்டிய பதிப்பு. பழைய டிஸ்க் விற்கும் இடங்களில் கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளலாம். இணையத்தில் இலவசமாகவும் படம் கிடைக்கிறது. அமெரிக்காவில் அது பொதுச்சொத்து என்பதால் அங்கே அதில் சட்டச் சிக்கலும் இல்லை. எந்தப் பிரதியிலிருந்து ஏற்றினார்கள் என்பதுதான் கேள்வி.

நான்காம் படி: தட்டைக் குறை சொல்வதற்கு முன் தொலைக்காட்சியைத் திருத்துங்கள்

கடையிலிருந்து வந்த தொலைக்காட்சி, படத்தைத் தன் இஷ்டத்துக்குத் திருத்திவிட்டுத்தான் காட்டும். முதலில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். அது இருந்தால் பிணங்கள் மெகா சீரியல் மாமியார்களைப் போல நடக்கும். இரைச்சல் குறைக்கும் வசதியையும் அணையுங்கள். கூர்மையைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். சில நிறுவனங்களின் தொலைக்காட்சிகளில் நடு எண்தான் இயல்பு நிலை, அதைத் தாண்டினால்தான் உருவங்களைச் சுற்றி வெள்ளைக்கோடு விழும். நிற வெப்பநிலையை ‘வார்ம்’ என்பதில் வையுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருக்கிற தொலைக்காட்சியில் அதை ஒருமுறை அழுத்தினாலே இவற்றில் பெரும்பாலானவை நடந்துவிடும்.

அடுத்தது திரையின் அளவு. இந்தப் படம் ஏறக்குறைய சதுரத்தை ஒட்டிய 1.37:1 சட்டகத்தில் இருக்கிறது. 1920 பிக்சல் அகலத்தில் படம் 1480-ஐத்தான் நிரப்பும். 43 அங்குலத் தொலைக்காட்சியில் இரு பக்கமும் ஏறத்தாழ 11 சென்டிமீட்டருக்குக் கருப்புப் பட்டை நிற்கும். நிற்கட்டும். பட்டை உறுத்துகிறது என்று படத்தை இழுத்தால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். பெரிதாக்கினால் உயரத்தில் கால்பங்கு போய்விடும். முழுத் திரையையும் நிரப்பும் ‘அகலத்திரைப் பதிப்பு’ என்று விற்கிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்திருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: சோதனைக் காட்சிகள்

ஒரு டிஸ்க்கை எடைபோட முழுப் படமும் வேண்டாம். சில இடங்களை மட்டும் பாருங்கள்.

தொடக்கம். வளைந்து செல்லும் சாலையில் ஒரு கார் தூரத்திலிருந்து கல்லறைத் தோட்டத்தை நோக்கி வருகிறது. மேலே வெளிறிய வானம், சுற்றிலும் மரங்கள். மோசமான பிரதியில் வானம் வெறும் வெள்ளைத்தாள், மரங்கள் கரித்திட்டுகள். நல்ல பிரதியில் வானத்திலேயே இரண்டு மூன்று வகைச் சாம்பல் நிறம் இருக்கும், கிளைகள் தனித்தனியே பிரியும். படத்தை நிறுத்தி வானத்தை உற்றுப் பாருங்கள். சீரான பொடி தூவியதுபோலத் துகள்கள் தெரிந்தால் மகிழுங்கள், அதுதான் பிலிம். கட்டம் கட்டமாகத் தெரிந்தால், இடத்தை மிச்சம்பிடிக்கத் தரவை நசுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். ஒரே தட்டில் நான்கு படங்களை அடைத்தால் வேறென்ன ஆகும்? துகளும் இல்லை, கட்டமும் இல்லை, வானம் கண்ணாடி போல வழுக்குகிறதா? அப்படியானால் துகளைக் குப்பை என்று நினைத்துத் துடைத்திருக்கிறார்கள், அதோடு விவரங்களையும் துடைத்திருக்கிறார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் “4கே என்றார்கள், புள்ளி புள்ளியாக இருக்கிறதே” என்று புகார் செய்வது அந்தத் துகள்களைப் பற்றித்தான். துகள்கள் இல்லாத கருப்பு வெள்ளைப் படம் மெழுகுப் பொம்மைகளின் கண்காட்சி.

கல்லறைத் தோட்டத்திலிருந்து கதாநாயகி பார்ப்ரா ஓடும் காட்சி. ஓட்டத்தின் நடுவில் நிறுத்துங்கள். கை கால்களின் ஓரத்தில் சீப்பின் பற்கள் போலக் கிடைக்கோடுகள் தெரிந்தாலோ, ஒரே ஃப்ரேமில் இரண்டு பார்ப்ராக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிழலாடினாலோ, அந்தப் பிரதி வீடியோ முறை விட்டு வீடியோ முறை தாவி வந்திருக்கிறது. அசைவில் வரும் மங்கல் வேறு, அது கேமராவில் பதிவானது. அந்த மங்கல் ஒரே பக்கமாக இழுபடும், கோடுகளாகப் பிளக்காது.

பண்ணை வீட்டுக்குள். சுவரில் மாட்டிய விலங்குத் தலைகளைப் பார்த்துப் பார்ப்ரா திடுக்கிடும்போது, அவற்றின் ரோமம் ரோமமாகத் தெரிய வேண்டும். சற்றுப் பின்னால் அவள் திகைத்துப்போய் சோபாவில் உட்கார்ந்து, கைப்பிடியின் பின்னல் துணியை விரலால் தடவிக்கொண்டே இருக்கிறாள். என்னுடைய பழைய டிவிடியில் அவள் எதையோ சொறிகிறாள் என்று நினைத்திருந்தேன். மீட்டெடுத்த பதிப்பில் விரல் எந்த வளையத்தில் நுழைந்து எதில் வெளிவருகிறது என்பதுவரை தெரிகிறது. அவளுக்குப் பேச்சே இல்லாத காட்சி அது, மனம் உடைந்ததை அந்த விரல்தான் சொல்கிறது. விரல் தெரியாத பிரதியில் நடிப்பே காணாமல் போய்விடுகிறது. இதைக் கண்ட பிறகுதான் என் பழைய ‘மங்கலின் அழகு’ பேச்சை நிறுத்தினேன்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை, பென்னின் முகம். அந்தப் பாத்திரத்தில் நடித்த டுவேன் ஜோன்ஸ் கருப்பினத்தவர். 1968-இல் அமெரிக்கப் பேய்ப் படம் ஒன்றில் நாயகனாக, வெள்ளையர்கள் நிறைந்த வீட்டில் கட்டளையிடுகிறவராக அவர் வருவது அரிதினும் அரிது. பீக்மன் உணவகத்தருகே தான் கண்ட கோரத்தை அவர் நிதானமாகச் சொல்லும் நீண்ட பேச்சு ஒன்று இருக்கிறது. தன்னை அடக்கிக்கொண்டு பேசுகிறார், கன்னத்திலும் நெற்றியிலும் சின்னச் சின்ன அசைவுகள் ஓடுகின்றன. வெள்ளைக்கும் கருப்புக்கும் இடைப்பட்ட நிறங்கள் செத்துப்போன பிரதிகளில் அந்த முகம் ஒரே கருந்திட்டு. தலைமுறை தலைமுறையாக ரசிகர்கள் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள், அதன் மிகச் சிறந்த நடிப்பைப் பாதிப்பேர் பார்க்கவேயில்லை. கையிலிருக்கும் டிஸ்க் நல்லதா கெட்டதா என்று ஒரே காட்சியில் முடிவுகட்ட வேண்டுமானால் இதைப் போட்டுப் பாருங்கள்.

இரவுக் காட்சிகளையும் ஒருமுறை பாருங்கள். வெளியே பிணங்கள் கூடி நின்று தின்னும் இடத்தில் பின்னணி கரிய இருட்டுதான், அங்கே விவரம் தேடாதீர்கள். முன்னால் நிற்பவர்களின் உடை மடிப்பு தெரிந்தால் போதும். சொல்லவந்தால், படத்தில் யாரும் ‘ஜாம்பி’ என்ற சொல்லைச் சொல்வதே இல்லை.

ஆறாம் படி: காதையும் தீட்டுங்கள்

மூலம் ஒற்றைத்தட ஒலி. ஐந்து ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்து விற்கும் பதிப்புகளில் அந்தத் தெரிவை அணைத்துவிட்டு மூல ஒலியைத் தேடுங்கள். கிரைட்டீரியன் புளூ-ரேயில் அது சுருக்கப்படாமல் இருக்கிறது. கோபக்கார ஹாரி கூப்பராக நடித்த கார்ல் ஹார்ட்மனும், அவர் மனைவியாக வரும் மேரிலின் ஈஸ்ட்மனும் நிஜத்தில் ஒலித்துறையில் தொழில் செய்தவர்கள். ஆகவே ஒலி ஏனோதானோ என்று பதிவானதல்ல.

கேட்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, பென் பலகைகளைச் சுத்தியலால் அடித்து ஜன்னல்களை மூடும் இடம். அடி ‘ணங்’ என்று விழ வேண்டும். ‘பொத்’ என்று பஞ்சில் விழுந்தால், சீறலை நீக்குகிறேன் பேர்வழி என்று உச்ச ஒலிகளையும் வெட்டியிருக்கிறார்கள். மற்றது, வீட்டைச் சுற்றிய அமைதியில் கேட்கும் பூச்சிகளின் ரீங்காரம். அளவு மீறித் துடைத்த பிரதிகளில் முதலில் சாவது அதுதான். வானொலிச் செய்தி தகரம்போல ஒலிப்பதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது வானொலிப் பெட்டியிலிருந்து வரும் குரல்.

ஏழாம் படி: தட்டையும் உபரிகளையும் பார்ப்பது

பெட்டி வந்த அன்றே திறந்து, தட்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பாருங்கள். முதல் அத்தியாயத்திலிருந்து கடைசிவரை தாவித் தாவி ஓட்டுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்தபிறகு அழுது பயனில்லை.

உபரிகளில் ‘நைட் ஆஃப் அனுபிஸ்’ என்ற பெயருடைய ஆரம்பகட்டத் தொகுப்புப் பிரதிக்கு நேரம் ஒதுக்குங்கள். படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது அவர்கள் பயன்படுத்திய பிரதி. கீறலும் தழும்புமாக இருக்கும், அதைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். 1994-இல் பதிவான இரண்டு விளக்கவுரைத் தடங்களில் படக்குழுவினர் பழைய நண்பர்களாக அரட்டையடிக்கிறார்கள். மற்ற பேட்டிகளை நேரமிருந்தால் பாருங்கள்.

எட்டாம் படி: கடைசி நிமிடங்கள்

படம் முடிகிற இடம் எல்லாச் சோதனைகளையும் குழப்பக்கூடியது, அதனால் கடைசிக்கு வைத்தேன். அசையும் காட்சி நின்று, வரிசையாக நிழற்படங்கள் வரும். இறைச்சிக் கொக்கிகள், துப்பாக்கி ஏந்திய ஆட்கள், அடுக்கிய விறகு. பழைய நாளிதழில் அச்சான படங்களைப் போல அவை வேண்டுமென்றே கரடுமுரடாக்கப்பட்டவை. துகள் இங்கே திடீரென்று பருக்கும், சாம்பல் நிறங்கள் குறையும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று கூர்மையை ஏற்ற ரிமோட்டைத் தேடாதீர்கள். அதுவரை படம் தெளிவாக இருந்தால்தான் இந்த மாற்றம் சுருக்கென்று தைக்கும். தொண்ணூறு நிமிடமும் மங்கலாகவே ஓடிய என் அறுபது ரூபாய் டிவிடியில், நிழற்படங்கள் எப்போது தொடங்கின என்றே எனக்குத் தெரியவில்லை. பெயர்ப் பட்டியல் ஓடுகிறது, டிஸ்க் ஏதோ சிக்கிக்கொண்டது என்று எண்ணி எழுந்துபோய்த் தட்டை வெளியே எடுத்துவிட்டேன்.